‘கிசாஸ், கிசாஸ், கிசாஸ்’: துள்ளும் தாளத்துக்குள் ஏக்கம் எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: “வோங் கார்-வாய் இயக்கிய ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்தில் நாட் கிங் கோல் பாடும் ‘கிசாஸ், கிசாஸ், கிசாஸ்’ பாடலைக் கேட்டேன். ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது. கேட்டால் கால் தானாகத் தாளம் போடுகிறது. ஆனால் இது ஒருதலைக் காதலின் ஏக்கப் பாட்டு என்கிறார்கள். அந்த ஏக்கம் எங்கே இருக்கிறது?”

அழுகையை எதிர்பார்த்துக் கேட்டால் அது கிடைக்காது. இந்தப் பாட்டில் யாரும் அழவில்லை, யாரும் யாரையும் சபிக்கவில்லை. ஒருவர் கேட்கிறார், மற்றவர் ஒரே பதிலைச் சொல்கிறார், நாட்கள் போகின்றன. கதை அவ்வளவுதான். ஏக்கம் முழுவதும் சொற்களின் அமைப்பில், குறிப்பாக ஸ்பானிய இலக்கணத்தில் பதுங்கியிருக்கிறது. ஸ்பானிய மொழியோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற உரிமையில் அதை ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்காட்டப் பார்க்கிறேன்.

முதலில் பின்னணி. பாடலை எழுதி மெட்டமைத்தவர் ஓஸ்வால்தோ ஃபாரேஸ். கியூபாவின் கெமாதோ தே குவீனெஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ அவருக்குத் தெரியாது. அவர் பாடிக்காட்டுவதை வேறொருவர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தப் பாடல் 1947இல் வந்தது. புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பாபி காபோ பாடியதும் லத்தீன் அமெரிக்கா எங்கும் பரவியது.

வகை, பொலேரோ. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் அதே பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மூன்று அடித் தாளத்தில் அமைந்த ஸ்பெயின் நாட்டு நடனத்திலிருந்து வந்தது. கியூபாவின் பொலேரோ வேறு. 1880களில் சாந்தியாகோ நகரத்துத் தையற்காரர் பெப்பே சாஞ்செஸ் அமைத்த ‘ட்ரிஸ்தேசாஸ்’ என்ற பாடலைத்தான் முதல் பொலேரோ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு ‘துயரங்கள்’ என்று பொருள். இந்த வகைக்கு விழுந்த முதல் பெயரே துயரம். கியூபாவிலிருந்து யுகதான் தீபகற்பம் வழியாக மெக்சிகோவுக்குப் போய், 1930இல் தொடங்கிய எக்ஸ்.இ.டபிள்யூ. வானொலியின் அலைகளில் ஏறி, ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வீடுகளுக்குள் எல்லாம் பொலேரோ நுழைந்தது. 2023 டிசம்பரில் கியூபா, மெக்சிகோ இரண்டு நாடுகளின் பெயரிலும் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கால் ஏன் தாளம் போடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பொலேரோவே இருவர் நெருங்கி நின்று மெல்ல ஆடுவதற்கான இசைதான். ஆனால் நீங்கள் கேட்கும் துள்ளலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் ஹவானாவில் என்ரிக்கே ஹொர்ரின் என்பவர் சா-சா-சா என்ற நடன இசையை உருவாக்கினார். அது உலகெங்கும் பரவியபோது பல நடனக் குழுக்கள் ஏற்கெனவே பிரபலமாயிருந்த இந்தப் பாடலை எடுத்துப் புதிய தாளத்துக்குள் பொருத்திவிட்டன. துள்ளல் பின்னால் வந்து சேர்ந்தது, தவிப்பு முன்பே இருந்தது.

இனிப் பாடலுக்குள் போகலாம். தொடக்கத்தில் பாடுபவர் சொல்வது: நான் எப்போது, எப்படி, எங்கே என்று கேட்கும்போதெல்லாம், நீ சொல்லும் பதில் ‘கிசாஸ்’தான்.

அந்த மூன்று வினாச் சொற்களையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ‘என்னைக் காதலிக்கிறாயா?’ என்ற கேள்வி அங்கே இல்லை. ‘ஏன் மறுக்கிறாய்?’ என்பதும் இல்லை. எப்போது, எப்படி, எங்கே என்பவை காதல் கைகூடியவர்கள் கேட்கும் கேள்விகள். எந்த நாளில் சந்திப்பது, எந்த இடத்தில் நிற்பது என்று பேசுகிறவர்களின் கேள்விகள். பாடுபவர் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து நேராக இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டார். முதல் கேள்வியைக் கேட்டால் ‘இல்லை’ என்று வந்துவிடுமோ என்ற பயம்தான் அவரைத் தாண்டவைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். யாரையாவது ஒருதலையாக விரும்பியவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியும். அந்த ஒன்றை மட்டும் கேட்காமல் மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்போம்.

அடுத்தது ‘கிசாஸ்’. அகராதி ‘ஒருவேளை’ என்று சொல்லும். ஆனால் ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் ‘ஒருவேளை, ஒருவேளை, ஒருவேளை’ என்று தமிழில் பதில் சொல்வதில்லை. நம் வீடுகளில் அந்த இடத்தில் வரும் சொல் ‘பார்க்கலாம்’. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ‘கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்பார்களே, அந்தக் குரல். மறுப்பு இல்லை, சம்மதமும் இல்லை. கேட்டவரை அதே இடத்தில் நிற்கவைத்துவிட்டுச் சொன்னவர் நகர்ந்துவிடலாம். நான் மொழிபெயர்ப்பதாக இருந்தால் ‘பார்க்கலாம்’ என்றே போடுவேன். அந்தச் சொல்லின் பிறப்பும் பொருத்தமானது. பழைய ஸ்பானியத்தில் ‘யார் அறிவார்’ என்ற பொருளில் வழங்கிய தொடர் தேய்ந்துதான் ‘கிசாஸ்’ ஆனது. அதாவது கேள்விக்குப் பதிலாக வருவதே ஒரு கேள்விதான்.

இரண்டாம் பகுதி: இப்படியே நாட்கள் போகின்றன, நான் ‘தெசெஸ்பெராந்தோ’, நீயோ ‘கிசாஸ்’ என்று சொல்லிக்கொண்டே. இந்தத் ‘தெசெஸ்பெராந்தோ’தான் பாடலின் இதயம் என்பேன்.

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கிய நாட்களில் எங்கள் மாலை வகுப்பில் ஒரு சிறிய பயிற்சி கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் நிற்கும் படம். கீழே ‘எஸ்பெரோ’ என்று ஒரு சொல். ‘காத்திருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். சரி என்று குறியிட்டுவிட்டு ஆசிரியர் பக்கத்திலேயே இன்னொரு சொல்லையும் எழுதினார்: ‘நம்புகிறேன்’. இரண்டுக்கும் ஒரே வினைதான் என்றார். பஸ் வரும் என்று நம்பாதவர் அங்கே நிற்கமாட்டார் அல்லவா என்று அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. ‘எஸ்பெரார்’ என்ற ஒரே சொல்லுக்குள் காத்திருப்பும் நம்பிக்கையும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

அந்தச் சொல்லின் முன்னால் ‘தெஸ்’ என்ற மறுப்பைச் சேர்த்தால் ‘தெசெஸ்பெரார்’. நம்பிக்கை இழத்தல், பொறுமை அறுதல், தவித்தல். ஸ்பானியக் காதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘காத்திருத்தல்’ ஒலிக்கிறது. பாடுபவர் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லும் சொல்லிலேயே இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சொல்லின் ஈற்றையும் கவனியுங்கள். ‘ஆந்தோ’ என்று முடிகிறது. தமிழில் ‘தவித்துக்கொண்டே’ என்பதில் வரும் ‘கொண்டே’ போல. பாடலின் முக்கியமான வினைகள் பலவும் இந்த வடிவத்தில்தான் வருகின்றன. நான் தவித்துக்கொண்டே, நீ பதில் சொல்லிக்கொண்டே, காலத்தை வீணாக்கிக்கொண்டே, யோசித்துக்கொண்டே. முடிந்துபோன செயல் எதுவும் இல்லை. ‘நீ மறுத்துவிட்டாய்’ என்று ஒரு வரி வந்திருந்தால் பாட்டு அங்கேயே முடிந்திருக்கும், கேட்பவருக்கும் ஓர் ஆறுதல் வந்திருக்கும். ஃபாரேஸ் அந்த ஆறுதலைக் கொடுக்கவே இல்லை.

இந்த வடிவத்தால் இன்னொரு பயனும் உண்டு. ஸ்பானிய மொழியில் பெயரடை பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். தவிப்பவர் ஆண் என்றால் ‘தெசெஸ்பெராதோ’, பெண் என்றால் ‘தெசெஸ்பெராதா’. ‘தெசெஸ்பெராந்தோ’வுக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘யோ’ என்றால் நான், ‘தூ’ என்றால் நீ. தமிழில் போலவே இவற்றுக்கும் பால் இல்லை. அதனால் இந்தப் பாட்டில் கேள்வி கேட்பவர் ஆணா பெண்ணா, பதில் சொல்பவர் யார் என்று கடைசிவரை தெரியாது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் யாரும் யாரை நினைத்தும் பாடலாம். பொலேரோக்களில் பெரும்பாலானவை இப்படி ‘நீ’ என்று நேராக விளித்துப் பாடுபவை. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அந்தக் காலி இடத்தில் பாட்டைக் கேட்பவர் தன் மனதிலிருக்கும் முகத்தை வைத்துக்கொள்கிறார்.

தமிழில் ‘வந்தேன்’ என்றாலே போதும், ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானியமும் அப்படித்தான். வினையின் ஈறே ஆளைச் சொல்லிவிடும். எனவே ஒருவர் ‘தூ’ என்று வாய்விட்டுச் சொன்னால், அது ‘நீதான்’ என்று விரல் நீட்டுவது போல. இரண்டாம் பகுதியில் அந்தத் ‘தூ’ அடுத்தடுத்து வருகிறது. ‘நீ... நீயோ...’ என்று தடுக்கி நிற்பது போல. கோபமாகப் பாடலாம், கெஞ்சலாகவும் பாடலாம். ஒவ்வொரு பாடகரின் பதிவிலும் நான் முதலில் கேட்டுப்பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

அடுத்து நடுப்பகுதி. இங்கே இசை செய்வதைக் கவனியுங்கள். தொடக்கப் பகுதி மைனரில், அதாவது மேற்கத்திய இசையில் சோகச் சாயல் கொண்ட சுரவரிசையில், இருக்கிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்குக் கீரவாணியின் சாயல் தெரியும். நடுப்பகுதி வந்ததும், ஆதார சுருதியை மாற்றாமலே, சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில் அந்தர காந்தாரம் வந்து மேஜராகிவிடுகிறது, அதாவது மலர்ச்சியான சுரவரிசைக்கு மாறிவிடுகிறது. சங்கராபரணத்தின் வெளிச்சம். மூடியிருந்த ஜன்னலை யாரோ திறந்துவிட்டது போல இருக்கும். மொழி தெரியாதவர்கள் இந்த இடத்தில் ஏதோ நல்ல செய்தி வந்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

சொற்கள் வேறு சொல்கின்றன. யோசித்து யோசித்துக் காலத்தை வீணாக்குகிறாய், எதுவரைக்கும், எதுவரைக்கும் என்கிறார். தொடக்கத்தில் ‘எப்போது’ என்று கேட்டவரின் கேள்வி இப்போது ‘எதுவரைக்கும்’ என்று சுருங்கிவிட்டது. சந்திக்கும் நாளைக் கேட்டவர், காத்திருப்பு முடியும் நாளையாவது சொல் என்கிறார். இசை மலர்கிற இடத்தில் ஆள் தளர்ந்துபோகிறார். இந்த முரணைப் பாடகர் புரிந்துகொண்டு பாடினால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்த ‘எதுவரைக்கும்’ என்பதற்கு முன்னால் ஒரு மன்றாட்டு இருக்கிறது. ஸ்பானியர் அன்றாடம் சொல்வதுதான்: ‘நீ எதை மிக அதிகமாக நேசிக்கிறாயோ அதன் பெயரால் கேட்கிறேன்’. நாம் ‘உனக்குப் புண்ணியமாகப் போகும்’ என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இதைச் சொல்வார்கள். தினமும் புழங்கித் தேய்ந்த தொடர், யாரும் பொருளை யோசிப்பதில்லை. ஆனால் இந்தப் பாட்டுக்குள் அது வரும்போது பொருள் விழித்துக்கொள்கிறது. எதிரில் இருப்பவர் மிக அதிகமாக நேசிப்பது எதுவாக இருந்தாலும் அது தானல்ல என்று பாடுபவருக்குத் தெரியும். இருந்தும் அதன் பெயரைச் சொல்லித்தான் கெஞ்சுகிறார். எத்தனையோ முறை கேட்ட பிறகு ஒரு நாள் இது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து இந்த வரி வரும்போது வேறு வேலை செய்ய முடிவதில்லை.

அந்தத் தொடரில் வரும் வினை ‘கெரெர்’. ஸ்பானிய மொழியில் காதலைச் சொல்ல ‘அமார்’ என்று ஒரு வினையும் உண்டு. ஆனால் வாழ்க்கையில் அதிகம் புழங்குவது ‘தே கியேரோ’தான். அகராதியைப் புரட்டினால் ‘கெரெர்’ என்பதற்கு முதல் பொருள் ‘வேண்டுதல், விரும்புதல்’. ஒரு கோப்பை காபி வேண்டும் என்பதற்கும் அதே வினை, நீ எனக்கு உயிர் என்பதற்கும் அதே வினை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில் குழம்புவார்கள். தமிழருக்குக் குழப்பம் தேவையில்லை. நம்மிடம் ‘வேண்டும்’ இருக்கிறது. நமக்கு நெருக்கமானவரை ‘வேண்டியவர்’ என்கிறோம், ‘வேண்டப்பட்டவர்’ என்கிறோம். ஸ்பானியர் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதும் ‘கெரீதோ’, ‘கெரீதா’ என்பவை இலக்கணப்படி நேராக ‘வேண்டப்பட்டவர்’தான். ஆசையும் அன்பும் ஒரே வேரில் நிற்பதால், கிடைக்காத அன்பைப் பற்றிப் பாடும்போது பசியின் சாயலும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

நடுப்பகுதி முடிந்ததும் பாட்டு எங்கே போகிறது? மேலே போவதில்லை. மறுபடி மைனருக்குத் திரும்பி, ‘இப்படியே நாட்கள் போகின்றன’ என்ற அதே பகுதியைப் பெரும்பாலான பதிவுகளில் திரும்பப் பாடுகிறார்கள். கேள்வி எழுப்பியதால் எதுவும் மாறவில்லை. கடைசியில் நாம் கேட்பது மூன்று ‘கிசாஸ்’. அந்தச் சொல் எதிராளியுடையது, ஆனால் வாய் தவிப்பவருடையது. காத்திருந்து காத்திருந்து, எதிராளியின் பதிலையே தன் குரலில் சொல்லப் பழகிவிட்டார்.

ஆங்கில வடிவம் கேட்டிருந்தால் அதை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைக் கேளுங்கள். ஜோ டேவிஸ் எழுதிய ஆங்கில வரிகளை டோரிஸ் டே 1960களில் பாடியது மிகவும் பிரபலம், இனிமையாகவும் இருக்கும். ஆனால் அதில் பாடுபவர், ‘நீ என்னைக் காதலிப்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறாய்’ என்று தொடங்குகிறார். அதாவது காதல் உள்ளே இருக்கிறது, வெளியே வர மறுக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார். பிறகு ஆம் என்று சொல், இல்லையென்றால் இல்லை என்று சொல் என்று கறாராகக் கேட்கிறார். ஸ்பானிய மூலத்தில் இரண்டுமே கிடையாது. எதிராளியின் மனதில் என்ன இருக்கிறது என்று பாடுபவர் சொல்வதே இல்லை. ஆம், இல்லை என்று தீர்ப்புக் கேட்கும் துணிவும் அவருக்கு இல்லை. ஆங்கிலப் பாட்டு ஊடல், ஸ்பானியப் பாட்டு ஏக்கம்.

நீங்கள் கேட்ட நாட் கிங் கோல் பதிவு 1958இல் வந்த ‘கோல் எஸ்பாஞோல்’ தொகுப்பில் உள்ளது. அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஒலியைக் கேட்டு மனப்பாடம் செய்து பாடினார். உச்சரிப்பில் அமெரிக்கச் சாயல் வெளிப்படையாகத் தெரியும், ஸ்பானிய மொழிக்காரர்கள் அதைச் சொல்லிக்காட்டுவதும் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. தெரியாத மொழியில் ஒவ்வோர் அசையையும் உடைந்துவிடாமல் எடுத்துவைப்பது போலப் பாடுகிறார். அந்தக் கவனம் இந்தப் பாட்டுக்குப் பொருந்திவிடுகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் 1960களின் ஹாங்காங்கில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாழும் இருவரின் கதைக்கு அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி.

ஸ்பானிய ஏக்கப் பாட்டு எல்லாமே இப்படி அடங்கி ஒலிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1960களுக்குப் பிறகு பொலேரோவின் இடத்தைப் பெரிய வாத்தியக் குழுவோடு வந்த ‘பலாதா’ என்ற காதல் பாட்டு வகை பிடித்துக்கொண்டது. 1970 மார்ச் 15 அன்று மெக்சிகோ நகரில் நடந்த பாட்டுப் போட்டியில், ரோபெர்த்தோ காந்தொரால் எழுதிய ‘எல் த்ரிஸ்தே’யை 22 வயது ஹோசே ஹோசே பாடினார். ‘துயரமுற்றவன்’ என்று பொருள். மூச்சை இழுத்துப் பிடித்து உச்சத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட அடிகள். அந்த நிகழ்ச்சியின் படம் இன்றும் கிடைக்கிறது. அவருக்கு மூன்றாம் பரிசுதான் கொடுத்தார்கள். இன்று அந்தப் போட்டியை மக்கள் நினைவு வைத்திருப்பதே அவருக்காகத்தான். அது கதறும் பிரிவு, ‘கிசாஸ்’ கதறாத காத்திருப்பு. இரண்டையும் ஒரே மாலையில் கேட்டால் வித்தியாசம் நன்றாகப் புரியும்.

சொல்லவே முடியாத காதல்தான் வேண்டும் என்றால் அர்ஜென்டினாவின் சீகோ நொவார்ரோ எழுதிய ‘அல்கோ கொந்தீகோ’வைத் தேடுங்கள். நண்பனாகவே நின்றுவிட்ட ஒருவர், தன் தவிப்பை இன்னும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா என்று கேட்கும் பொலேரோ அது. ‘கிசாஸ்’ஸில் பதிலாவது வருகிறது, அதில் கேள்வியே இன்னும் வெளியே வரவில்லை.

மறுபடி ‘கிசாஸ்’ கேட்கும்போது லோஸ் பாஞ்சோஸ் மூவர் குழுவின் பதிவைப் போட்டுப் பாருங்கள். பெரிய வாத்தியங்கள் இல்லாததால் சொற்கள் தெளிவாக விழும். குரல்களுக்கு இடையில் கூர்மையாகப் பேசும் சிறிய கிட்டார் ‘ரெகிந்தோ’. குழுவில் ஒருவரான ஆல்ஃப்ரெதோ ஹில் உருவாக்கியது, சாதாரணக் கிட்டாரைவிட உயர்ந்த சுருதியில் கட்டப்படுவது. முதல் முறை ‘தூ’ வரும் இடங்களை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் முறை ‘தெசெஸ்பெராந்தோ’வுக்காகக் காத்திருங்கள். மூன்றாம் முறை, நடுப்பகுதியில் ஜன்னல் திறக்கும் இடத்தில், அவர் எதன் பெயரால் கெஞ்சுகிறார் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.